பீரோவின் பெயரில் ஒரு கோல்

ஒரு கையில் குறடும் மறு கையில் விசிலுமாகக் காட்சி தருபவரும், வார நாள்களில் ஊராரின் பல்லைப் பிடுங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்களின் மானத்தைப் பிடுங்குபவரும், என் அக்காள் வயிற்றில் பிறந்துவிட்ட ஒரே காரணத்தால் இன்னமும் என்னால் மருமகப்பிள்ளை என்று அழைக்கப்படுபவருமான டாக்டர் நடுவர் அவர்களின் சமூகத்துக்கு, தாய்மாமன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் நலமாக இல்லை. அவ்விடத்து நலத்தை அறியும் ஆவலும் எனக்கு இல்லை. உன் அத்தை மட்டும் நலமாக இருந்தாள். இனி நான் முழுநேரமும் வீட்டிலேயே இருக்கப்போகிறேன் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளும் நலமாக இல்லை.

நீ அளவெடுத்துச் செய்து மாட்டிவிட்ட பல்செட்டைப் போட்டுக்கொண்டு உன்னையே திட்ட வேண்டியிருக்கிறது என்பது என் வாழ்க்கையின் கேவலங்களில் முதன்மையானது. மானமுள்ளவனாக அதைக் கழற்றி வைத்துவிட்டுத் திட்டிப் பார்த்தேன். வசவு எல்லாம் காற்றாகப் போகிறது, எதிரே உட்கார்ந்திருந்த உன் அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை, "காப்பி சூடா இருக்கா, ஆத்தித் தரட்டுமா?" என்று கேட்கிறாள். ஆகவே எழுத்தில் இறங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை சங்கத்தின் ஒழுங்குக் குழு கூடுகிறது. உன் அறிக்கை ஒன்றை வைத்துத்தான் என் தலையெழுத்தை முடிவு செய்யப்போகிறார்கள். "பயிற்சியாளர் களத்துக்குள் புகுந்து, பந்தை அடித்து, தம் அணியின் கோலுக்குள்ளேயே செலுத்தினார்" என்று நீ எழுதினால் இரண்டு வருடம் அரங்கத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது. "பயிற்சியாளர் தவறி உள்ளே உருண்டு வந்துவிட்டார், அந்தக் குழப்பத்தில் பந்து கோல்கீப்பர் பீரோவின் காலில் பட்டு உள்ளே போனது" என்று எழுதினால் ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். ஒரே ஒரு வரிதான். அதற்கு உன் பேனா வளையவில்லை. பல் வேரை இரும்பால் வளைக்கிற உனக்கு ஒரு வாக்கியத்தை வளைக்கத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்?

நான் யார் என்பதையே நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் கொஞ்சம் சுயபுராணம் பாட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். ரோலர் ஹாக்கி என்னும் இந்த விளையாட்டை உலகத்தில் ஆடுகிறவர்கள் கொஞ்சம், பார்க்கிறவர்கள் அதிலும் கொஞ்சம், என்னவென்று தெரிந்துகொண்டு பார்க்கிறவர்கள் அந்தக் கொஞ்சத்தில் பாதி. காலில் நான்கு சக்கரம் வைத்த பூட்ஸ், கையில் வளைந்த கட்டை, பாறைக்குப் பிறந்த மாதிரி ஒரு பந்து, சுற்றிலும் இடுப்பளவு பலகை, பக்கத்துக்கு ஐந்து பேர் என்று நான் வாழ்நாளெல்லாம் விளக்கிய விளக்கத்தை ஒன்று சேர்த்தால் ஒரு தனி மொழியே உருவாகியிருக்கும். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்து, பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். விளக்கினேன். பேனாவை மூடினார், பையை மூடினார், வெளியே போகும்போது நம் வீட்டுக் கதவையும் மூடிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தத் தெருப்பக்கமே அவர் வரவில்லை.

அப்படிப்பட்ட விளையாட்டில் நான் ஒன்பது வயதில் கால் வைத்தேன். முதல் ஜோடி ஸ்கேட் யாரோ கொடுத்தது, இரண்டும் இடது கால், அதனால் ஆரம்ப காலத்தில் நான் எங்கே போனாலும் வட்டமாகத்தான் போனேன், பக்கத்துக் கடைக்குப் போகச் சொன்னால் ஊரைச் சுற்றிவிட்டு வந்தேன். பிறகு சரியான ஜோடி கிடைத்து, பின்காவல் ஆட்டக்காரனாகி, எங்கள் கோலுக்கு முன்னால் நான் நின்ற நிலையைப் பார்த்து எதிரணியின் முன்வரிசைக்காரர்கள் பலர் மனம் மாறிச் சதுரங்கம் ஆடப் போய்விட்டார்கள். என் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது அவர் மகன் எடுக்கிறான், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தபோது ஸ்கேட்டிலேயே தெருத்தெருவாகப் போனேன். மணியடித்துவிட்டு, கதவைத் திறப்பதற்குள் அடுத்த தெருவில் இருக்கிறார் என்று பொதுமக்கள் புகார் கொடுத்து எனக்கு மெமோ வந்தது. உன் அத்தையைக் கைப்பிடித்த அன்று என் வலது கை மாவுக்கட்டில் இருந்தது, கல்யாணப் படங்களில் அவள் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த மாவுக்கட்டைத்தான். நீ ஐந்து வயதில் களத்தோரம் உட்கார்ந்திருந்தவன், என் முன்பல் தெறித்து விழுந்ததும் ஓடிப் போய்ப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டாலும் தர மாட்டேன் என்று அழுதவன். உன் வைத்தியப் படிப்புக்கு மூலதனமே என் வாய்தான் மருமகனே. அந்த நன்றிக்கு நீ காட்டியது சிவப்பு அட்டை.

ஆடுவதை நிறுத்தியதும் பயிற்சியாளரானேன் என்பது உனக்குத் தெரியும். ஆள் சேர்க்க நான் பட்ட பாடு தெரியாது. ஸ்கேட்டிங் வகுப்பு என்று நினைத்து வந்து மாட்டிக்கொண்டவர்கள் பாதி, நானாக வெளியே போய்ப் பிடித்தவர்கள் மீதி. பீரோவைப் பிடித்த கதை கேள். கண் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது, பழுதுபார்க்க ஒருவன் வந்தான், திறந்த லிஃப்ட் கதவுக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றான், அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளிச்சம் வருகிற அளவுக்குக்கூட இடுக்கு இல்லை. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எனக்கு உலகமே மங்கல், அவன் மட்டும் தெளிவாகத் தெரிந்தான். "தம்பி, உனக்கு ஞாயித்துக்கிழமை வேலை இருக்கா?" என்று கேட்டேன். வைக்க இடமில்லாமல் வாசலிலேயே விட்டுவிட்ட பீரோ போலக் கோலை அடைத்துக்கொண்டு அன்று உட்கார்ந்தவன்தான், இன்று வரை எழுந்திருக்கவில்லை. பந்து அவனைத் தேடிப் போய் மோதும், அவன் அசைய வேண்டியதே இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மூன்றுக்கு மூன்று, கடைசி நிமிடங்கள். எதிரணியின் பயிற்சியாளரோ என் சம்பந்தி. ரோலர் ஹாக்கி ஆட்களுக்கு வெளியில் யாரும் பெண் கொடுப்பதும் இல்லை எடுப்பதும் இல்லை என்பதால் என் மகளை அந்த வீட்டில்தான் கொடுக்க வேண்டியிருந்தது, அவள் இரண்டு பெஞ்சுக்கும் நடுவே உட்கார்ந்து யார் பக்கமும் கைதட்டாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலக் காலில் ஸ்கேட்டோடும் கையில் கட்டையோடும் பெஞ்ச் பக்கம் நின்றேன். ஸ்கேட் இல்லாமல் நான் ஒருநாளும் பயிற்சி தந்ததில்லை. செருப்புப் போட்டுக்கொண்டால் எனக்கு யோசனை ஓடாது. பயிற்சியாளர் ஸ்கேட் மாட்டக் கூடாது என்று சங்கத்தின் விதிப்புத்தகத்தில் எந்த மூலையிலும் இல்லை. அப்படியும் ஒருவன் இருப்பான் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆள் மாற்றுகிற கதவுக்குக் கொக்கி போய் வெகுகாலமாகிறது, நாடாவால் கட்டியிருந்தார்கள். எங்கள் முன்வரிசைக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்து நாடாவை உருவினான், மாற்று ஆள் உள்ளே போனான், கதவில் சாய்ந்துகொண்டிருந்த நானும் கதவோடு சேர்ந்து உள்ளே போனேன். போனேன் என்பது தப்பு, சக்கரங்கள் போயின, நான் அவற்றின் மேல் இருந்தேன். நிற்கலாமென்று நினைப்பதற்குள் பந்து பலகையில் மோதித் திரும்பி, வீட்டு நாய்க்குட்டி மாதிரி நேரே என் கட்டைக்கு முன்னால் வந்து நின்றது.

முதல் பாதியில் எங்கள் கோல் எனக்கு இடப்பக்கம். பந்து வந்தால் வலப்பக்கமாக அடித்து விரட்ட வேண்டும். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறிவிடும். இது எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். என் தலைக்குத் தெரியும். மணிக்கட்டுக்குத் தெரியவில்லை. ஆபத்து என்று கண்டதும் அது வாழ்நாள் பழக்கத்தில் வலப்பக்கமாக வீசிவிட்டது. அந்த அடி இருக்கிறதே, மருமகனே, அதை நான் இருபது வயதில் அடித்திருந்தால் ஒரு தெருவுக்கு என் பெயரை வைத்து, அந்தத் தெருவில் என்னைத் தவிர யாரும் நடக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருப்பார்கள். பந்து தரையை விட்டு ஒரு நூல் எழும்பவில்லை, அத்தனை கால்களுக்கும் அத்தனை சக்கரங்களுக்கும் நடுவே ஊசிக்குள் நூல் போவது போலப் போனது, போன வழியில் காற்றுக்குக் காயம் பட்டிருக்கும். பீரோ அதைப் பார்த்தான். அடிப்பது நான் என்பதையும் பார்த்தான். பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, நகர்ந்தான்.

"ஏண்டா விலகினே?" என்று பிறகு கேட்டேன்.

"நீங்க அடிச்சீங்களே மாமா. ஏதோ காரணமாத்தான் அடிப்பீங்கன்னு நினைச்சேன். குறுக்க நிக்கிறது மரியாதையா இருக்காதுன்னு தோணுச்சு."

அரங்கத்தில் ஆயிரம் பேர் மூச்சை நிறுத்தினார்கள். இருந்தவர்கள் ஆட்டக்காரர்களின் பெற்றோரும், பூட்டுவதற்குச் சாவியோடு காத்திருந்த காவலாளியும்தான் என்று நீ திருத்துவாய். ஆள் குறைவாக இருக்கலாம், ஆனால் அந்த மௌனம் ஆயிரம் பேருடையது. அதைக் கிழித்துக்கொண்டு உன் விசில் வந்தது, விசிலுக்குப் பின்னால் நீ வந்தாய், வந்து சிவப்பு அட்டையை என் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாய்.

"மாமா, வெளிய போங்க."

"எந்த உரிமையில சொல்றே?"

"நடுவர்ங்கிற உரிமையில."

"அப்ப எதுக்கு மாமான்னு கூப்பிட்டே?"

நீ ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "பயிற்சியாளர் அவர்களே, வெளிய போங்க" என்று திருத்திக்கொண்டாய் பார், அந்த இடத்தில்தான் எனக்கு வலித்தது. அட்டைகூட வலிக்கவில்லை.

அப்போதும் நான் சட்டம் பேசினேன், நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது எழுத்தில் கேட்கிறேன். நான் களத்தில் இருக்கக் கூடாத ஆள் என்றால் நான் அடித்தது எப்படிக் கோலாகும்? கோல் செல்லும் என்றால் நான் ஆட்டக்காரன், ஆட்டக்காரனை உள்ளே வந்ததற்காக எப்படி வெளியே அனுப்புவாய்? ஒன்று கோலை எடு, இல்லையென்றால் என்னை விடு. இரண்டையும் வைத்துக்கொள்கிற நடுவரை நான் இந்த உருண்டையான உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. "தப்பு செஞ்ச டீமுக்கு அந்தத் தப்பால லாபம் வரக் கூடாது மாமா, அதான் ரூல்" என்று போனில் சொன்னாய். என் கோலுக்குள் நானே பந்தைப் போட்டுக்கொண்ட இந்தச் சேம் சைடு கோலில் எனக்கு என்ன லாபம் வந்தது, அதை எந்தப் பையில் வைத்திருக்கிறேன், சொல்.

சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? நான் தலையைக் குனிந்துகொண்டு போகும் வழியில் நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கோணம் பிரமாதம் சம்பந்தி. எங்க பசங்களுக்கு அந்த ஷாட்டைச் சொல்லிக் குடுக்கணும், ஒருநாள் வாங்க" என்றார். மகள் போன் செய்கிறாள்: "அப்பா, சாப்பிட உக்காந்தா உப்பு டப்பாவைக் கோலா வச்சு, ஸ்பூனால மாத்திரையை அடிச்சு நடிச்சுக் காட்டறாருப்பா. பிரஷர் மாத்திரைப்பா. அதுலயும் ரெண்டு தொலைஞ்சு போச்சு." அவருக்குப் பிரஷர் ஏறினால் அதற்கும் நான்தான் பொறுப்பு என்று நீ ஓர் அறிக்கை எழுதிவிடுவாய்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். நீ வெளியே அனுப்பியதும் நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. துடைப்பமும் வாளியும் அடுக்கி வைத்திருக்கிற அந்த நடைவழியில், ஒரு கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம் நடக்கிறது. சக்கரச் சத்தத்தை வைத்தே யார் ஓடுகிறார்கள், யார் களைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. இன்னும் ஓர் ஆளை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்தது. சொல்லத்தான் வழியில்லை. எத்தனையோ தோல்வியை நான் பார்த்திருக்கிறேன், தோற்பதைக் காதால் மட்டும் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நடைவழியில் இரண்டு வருடம் உட்காரச் சொல்லப்போகிறது உன் அறிக்கை. அரங்கத்துக்குள் விட்டால்தானே அந்த நடைவழியாவது கிடைக்கும்.

இந்த வயதில் இரண்டு வருடத் தடை என்றால் அது இரண்டு வருடம் இல்லை. சங்கத்தில் ஏற்கெனவே எனக்குப் பதிலாக ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மடிக்கணினி வைத்திருக்கிறான், வட்டம் வட்டமாகப் படம் போடுகிறான், காலில் வெள்ளை ஷூ. நான் திரும்பி வரும்போது கதவுக்குக் கொக்கி போட்டிருப்பார்கள், நான் வெளிப்பக்கம் இருப்பேன்.

பீரோ நேற்று வீட்டுக்கு வந்தான். உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நின்று, "என் பேர்ல எழுதச் சொல்லுங்க மாமா. நான் சும்மா இருந்தாலே பந்து மேல படும்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. எனக்கு லிஃப்ட் வேலை இருக்கு. உங்களுக்கு வேற என்ன இருக்கு?" என்றான். கேட்டாயா? லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு இருக்கிற இரக்கம் டாக்டருக்கு இல்லை. அவனே சம்மதிக்கிறான், அவன் அம்மாவிடம்கூட அனுமதி வாங்கிவிட்டான். உனக்கு என்ன நஷ்டம்? "நான் பாத்ததைத்தான் எழுத முடியும் மாமா" என்கிறாய். நீ பார்த்ததையெல்லாம் எழுதுவதென்றால் என் வாயில் எத்தனை ஓட்டை என்பதையும் எழுது, ஒழுங்குக் குழு படித்துப் பார்த்துக் கண்ணீர் விடட்டும்.

முடிவாகச் சொல்கிறேன். புதன்கிழமைக்குள் கோல் பீரோவின் பெயருக்கு மாறவில்லை என்றால் நீ என் மருமகன் இல்லை, நான் உன் மாமன் இல்லை, இந்தப் பல்செட்டை ஒரு டப்பாவில் போட்டு உன் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துவிட்டு மிச்ச ஆயுளைக் கஞ்சி குடித்துக் கழிப்பேன். உன் பிள்ளைகள் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், ஏனென்றால் அவர்கள்மேல் கோபம் இல்லை. உன்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்வேன்.

அக்காவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம், அவள் உன் பக்கம்தான் பேசுவாள், அதையும் தாங்க எனக்குத் தெம்பில்லை. உன் வீட்டில் எல்லோரும் நூறு வருடம் திடமாக வாழட்டும், நீ மட்டும் அதில் ஒரு வருடம் குறைத்துக்கொள். உன் விசில் துருப்பிடிக்காமலும், ஆனால் கொஞ்சம் அடைத்துக்கொண்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீ களத்தை விட்டு வெளியேற்றிய
தாய்மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போனேன். உன் அத்தை படித்துக் காட்டச் சொன்னாள். முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அது சரி, நீங்க மொத்தம் எத்தனை கோல் போட்டிருப்பீங்க?" என்றாள். இத்தனை காலத்தில் அவள் ரோலர் ஹாக்கி பற்றிக் கேட்ட முதல் கேள்வி. ஆயிரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சங்கத்தின் ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். பின்காவல்காரன் வேலை விரட்டுவது, போடுவது இல்லை. ஒருமுறை ஏறக்குறைய போட்டுவிட்டேன், நம் ஆளின் சக்கரத்திலேயே பட்டுத் திரும்பி வந்துவிட்டது. உன் அத்தை, "அப்போ இது ஒண்ணுதானா? இதை எதுக்குங்க அந்தப் பையன் பேர்ல எழுதச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஆகவே மருமகனே, மேலே உள்ளதையெல்லாம் நான் எழுதவில்லை, நீ படிக்கவில்லை. பார்த்தது பார்த்தபடியே எழுது, தடையை நான் அனுபவித்துக்கொள்கிறேன், பீரோவிடம் நானே சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் உதவி மட்டும் செய். ஆட்டக் குறிப்பில் என் பெயருக்கு நேரே எழுதும்போது "சேம் சைடு" என்பதைக் கொஞ்சம் பொடியாக எழுது. "கோல்" என்பதைக் கொட்டை எழுத்தில் போடு.